மங்கல் ஒளிக்கு ஒரு கமெரா

(நூற்றாண்டு நிறைவையொட்டி நெடுங்கேணியில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாக வடமாகாணத்து நோயியல் ஆய்வுகூடம் ஒன்றுக்கு நுணுக்குக்காட்டிக் கமெரா ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று நமது சங்கம் தீர்மானித்தது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரும் இங்கே ஆசிரியத் தொழில் பார்க்கும் தங்கச்சிமாரும் சேர்த்த காசு அது. எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும்படி, வைத்தியமும் விஞ்ஞானமும் படித்த பழைய மாணவிகள் நால்வரிடம் விலைப்பட்டியல்கள் தரப்பட்டன. இந்த மேடையில் நிற்பது ஒருவர் என்றாலும் சொல்லப்போவது நால்வரும் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட விடயம். அதனால் இந்தப் பேச்சு முழுவதும் "நாங்கள்" என்றே வரும்.

வந்த விலைப்பட்டியல்களில் எல்லாம் முதல் வரியில் பெரிய எழுத்தில் இருந்தது மெகாபிக்சல். 12, 20 என்று ஏறிக்கொண்டே போனது. நாங்கள் அந்த வரியைக் கடைசியாகத்தான் பார்த்தோம். ஏன் என்பதைச் சொல்வதற்கு முன், அந்தக் கமெரா எந்த வேலைக்குப் போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

வவுனியா வடக்கில் சிறுநீரக நோயைப் பற்றிக் கேள்விப்படாத வீடு குறைவு. 1990களில் அனுராதபுரம் மாவட்டத்தின் விவசாயக் கிராமங்களில் கவனிக்கப்பட்ட நோய் இது. நீரிழிவு இல்லை, உயர் குருதியமுக்கம் இல்லை. ஆனாலும் வயலில் வேலை செய்யும் ஒருவரின் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே போகிறது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதே அதன் பெயர். பதவியா அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. நமக்கும் அதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களும் பாதிக்கப்பட்ட பட்டியலில் உண்டு. ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், எல் சல்வடோர், நிக்கராகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதை ஒத்த நோய் இருக்கிறது. கடினநீர், புளோரைட்டு, கட்மியம், விவசாய இரசாயனம், வெயிலில் நீர் வற்றிப்போதல் என்று பலவற்றின் மேல் சந்தேகம் போயிருக்கிறது. குற்றவாளி இன்னும் அகப்படவில்லை.

இந்த நோய் என்று உறுதிசெய்ய, மெல்லிய ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற ஒரு துண்டு இழையம் எடுப்பார்கள். அதன் ஒரு பகுதி வழக்கமான சாயம் ஏற்றிப் பார்க்கப்படும். இன்னொரு பகுதி உறையவைத்துச் சீவப்பட்டு, ஒளிரும் சாயம் கட்டிய பிறபொருளெதிரிகளால் நனைக்கப்படும். 1941இல் ஹாவர்டில் அல்பேர்ட் கூன்ஸ் தொடக்கிவைத்த முறை இது. கலன்கோளத்தில், அதாவது இரத்தத்தை வடிக்கும் அந்தச் சின்னஞ்சிறு குழாய்ச் சுருளில், ஐஜீஜீ, ஐஜீஏ போன்ற பிறபொருளெதிரிகள் போய்ப் படிந்திருந்தால் நீல ஒளி பட்டதும் அந்த இடம் பச்சையாக ஒளிரும். லூபசில் ஒரு கோலம், ஐஜீஏ நோயில் ஒரு கோலம், மென்சவ்வில் கோடு கீறினதுபோல ஒளிர்ந்தால் வேறொரு ஆபத்தான நோய். இவற்றில் பலவற்றுக்கு ஸ்ரெரொயிட்டு முதலிய கடுமையான மருந்துகள் உண்டு; நேரத்துக்குக் கொடுத்தால் சிறுநீரகம் பிழைக்கும்.

நம்முடைய விவசாயிகளின் நோயில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. பேராதனை நோயியலாளர்களும் மற்றவர்களும் ஆராய்ந்த இழையங்களில் பாதிப்பு இருந்தது சிறுகுழாய்களிலும் அவற்றுக்கு இடைப்பட்ட இழையத்திலும்தான். ஒளிரும் படிவுகள் இல்லை என்பதே இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. ஆகவே இந்தப் பரிசோதனையில் இருட்டும் ஒரு விடை. ஒருவருக்கு ஸ்ரெரொயிட்டு வேண்டாம் என்று முடிவெடுப்பதே அந்த இருட்டை நம்பித்தான்.

இனி யோசித்துப் பாருங்கள். படிவு மங்கலாக இருந்து, கமெராவுக்கு அது தெரியாமல் போனால், மருந்து கிடைத்திருக்க வேண்டிய ஒரு பிள்ளைக்கு மருந்து கிடைக்காது. கமெராவின் சொந்த இரைச்சலே பச்சைப் புள்ளியாகத் தெரிந்தால், தேவையில்லாத மருந்தை ஒரு விவசாயி மாதக்கணக்கில் விழுங்குவார். நோயியலாளர் பார்வைத்துண்டுக்குள் தன் கண்ணாலும் பார்ப்பார் என்பது உண்மை. ஆனால் சாயம் ஒளி படப்படவே வெளிறிவிடும். இரண்டாவது அபிப்பிராயம் கேட்கக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பக்கூடியது படம் மட்டுமே. இந்தத் துறையில் அனுபவமுள்ள நோயியலாளர்கள் வடக்கில் தெருவுக்குத் தெரு இல்லை.

இவ்வளவு குறைந்த ஒளியைப் பிடிக்கும் வேலையில் தமிழருக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1928இல் கல்கத்தாவில் திருச்சியில் பிறந்த சி. வி. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, ஒரு நிற வடிகட்டியால் வடித்துத் திரவத்துக்குள் அனுப்பினார்கள். வெளியே வரும் ஒளிக்கு முன்னால், முதல் வடிகட்டி விட்ட நிறத்தை முற்றாக மறைக்கும் இன்னொரு வடிகட்டியை வைத்தார்கள். அதற்குப் பிறகும் மிஞ்சி வந்த மிக மங்கலான ஒளிதான் நோபல் பரிசு வரை போனது. அதை முதலில் கண்ட கருவி வெறும் கண். புளோரொளிர்வு நுணுக்குக்காட்டியில் இன்று இருப்பதும் அதே ஏற்பாடு: நீலத்தை உள்ளே விட ஒரு வடிகட்டி, நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் வெளியே விட இன்னொன்று. இரண்டாவது வடிகட்டி கசிந்தால் உலகத்தின் மிகச் சிறந்த கமெராவும் அந்தக் கசிவைத்தான் அழகாகப் படம்பிடிக்கும்.

கண்ணும் இலேசுப்பட்டதல்ல. இருட்டில் அரை மணி நேரம் பழகிய கண்ணுக்கு ஐந்து முதல் பதினான்கு போட்டன்கள் உறிஞ்சப்பட்டாலே ஒளி தெரியும் என்று 1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட் குழுவினர் காட்டினார்கள். கண்ணுக்கு உள்ள குறை, ஒளியைச் சேர்த்து வைக்க முடியாதது. ஒரு செக்கனின் சிறு பங்குக்கு மேல் அது காத்திருக்காது. கமெரா இரண்டு செக்கன், ஐந்து செக்கன் என்று வாளியை வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அந்த வாளிக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். உயர்தரப் பிள்ளைகள் கொப்பியில் போட்டுப் பார்க்கலாம், வர்க்கமூலத்துக்கு மேல் ஒன்றும் வராது.

ஒளி போட்டன்களாக வருகிறது, மழைத்துளி மாதிரி. சராசரி 100 துளி விழும் இடத்தில் ஒருமுறை 92 விழும், ஒருமுறை 109 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். எந்தக் கம்பனியாலும் இதைக் குறைக்க முடியாது, இது ஒளியின் குணம். கமெராவின் பங்கு இரண்டு எண்களில் அடங்கும். விழும் 100 போட்டன்களில் எத்தனை இலத்திரனாக மாறுகின்றன என்பது குவாண்டம் வினைத்திறன். அந்த இலத்திரன்களை எண்ணும்போது கமெரா தானாகச் சேர்க்கும் பிழை வாசிப்பு இரைச்சல்.

இரண்டு கமெராக்களை எடுப்போம். முதலாவதுக்கு வினைத்திறன் 60 சதவீதம், வாசிப்பு இரைச்சல் 6 இலத்திரன். பழைய நல்ல சீசீடி கமெரா ஒன்று ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இரண்டாவதுக்கு 82 சதவீதம், 1.6 இலத்திரன், எஸ்சீமோஸ் வகைக்கு இது வழக்கமான அளவு. ஒரு பிக்சலில் 20 போட்டன்கள் விழுகின்றன என்று வையுங்கள். முதலாவதில் சமிக்ஞை 12, மொத்த இரைச்சல் 6.9, விகிதம் 1.7. இரண்டாவதில் சமிக்ஞை 16.4, இரைச்சல் 4.4, விகிதம் 3.8. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். இதே கமெராக்களில் 1000 போட்டன்கள் விழுந்தால்? 24க்கு 29. பெரிய வித்தியாசமே இல்லை. ஆகவே வெளிச்சமான படத்தைக் காட்டி விற்பவர் எந்தக் கமெராவையும் விற்றுவிடலாம். பிரகாசமாக ஒளிரும் மாதிரிப் படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க நாங்கள் மறுத்ததற்கு இதுவே காரணம்.

ஒன்று உண்மையில் இருக்கிறதென்று தயக்கமில்லாமல் சொல்ல அந்த விகிதம் ஐந்தாவது இருக்க வேண்டும் என்று அல்பேர்ட் ரோஸ் என்பவர் தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது. 3.8 போதாது. மூன்று மடங்கு நேரம் திறந்து வைத்தால் இரண்டாவது கமெரா 6.8க்கு வரும். முதலாவது 4.2இல் நிற்கும். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, சாயம் வெளிறிவிடும்.

சரி, அப்படியானால் இரண்டாவது கமெராவை வாங்கிவிடுவோமா? இங்கேதான் நாங்கள் நால்வரும் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம்.

நுணுக்குக்காட்டியின் பொருளி வில்லையில் 40 என்று எழுதியிருக்கும், அது உருப்பெருக்கம். பக்கத்தில் 0.65 என்று இன்னொரு எண் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. அது எண் துவாரம், வில்லை எவ்வளவு அகலமாக வாயைத் திறந்து ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு. புளோரொளிர்வில் அதே வில்லையினூடாகத்தான் நீல ஒளி கீழே போகிறது, பச்சை ஒளி மேலே வருகிறது. அதனால் படத்தின் பிரகாசம் இந்த எண்ணின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. 40/0.65 உலர் வில்லையைக் கழற்றிவிட்டு 40/1.3 எண்ணெய் வில்லையைப் போட்டால் எண் இரண்டு மடங்கு. பிரகாசம் இரண்டின் நான்காம் அடுக்கு, 16 மடங்கு.

மறுபடியும் கணக்குக்கு வாருங்கள். 20 போட்டன் 320 ஆகிறது. முதலாவது பழைய கமெராவிலேயே விகிதம் 1.7இலிருந்து 12.7க்குத் தாவுகிறது. கண்ணாடியில் இழப்பு, எண்ணெயில் இழப்பு என்று பாதியைக் கழித்தாலும் 8.4. எந்தக் கமெரா மாற்றமும் இதைத் தராது. வினைத்திறன் 60இலிருந்து 100க்குப் போனாலும் ஒளி இரண்டு மடங்குகூட ஆகாதே. கமெராவுக்கென்று சேர்த்த காசில் முதல் பங்கு ஒரு வில்லைக்கும் ஒரு நல்ல வடிகட்டித் தொகுதிக்கும் போக வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். நன்கொடைப் பலகையில் "கமெரா" என்று எழுத ஆசைப்பட்ட அக்காமார் எங்களை மன்னிக்க வேண்டும். "வில்லை" என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான்.

இப்போது மெகாபிக்சலுக்கு வருவோம். பச்சை ஒளியில், 1.3 எண் துவாரமுள்ள வில்லையால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 240 நனோமீற்றர். 40 மடங்கு பெருத்து அது கமெராவில் விழும்போது 10 மைக்ரோமீற்றர். அதை இரண்டு பிக்சல்கள் பங்குபோட்டால் போதும், ஆகவே பிக்சல் 5 மைக்ரோமீற்றர் அளவில் இருந்தால் சரி. 6.5 என்றால் சிறிது கரடுமுரடு. ஆனால் நாங்கள் தேடும் படிவுகளுக்கு அது தடையில்லை. கைத்தொலைபேசிகளில் பிக்சல் ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்கு வந்துவிட்டது. 6.5 மைக்ரோமீற்றர் பிக்சலின் பரப்பு அதைப்போல 40 மடங்குக்கு மேல். வில்லை கொடுக்காத நுணுக்கத்தைச் சின்னப் பிக்சல் கண்டுபிடித்துத் தராது. கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறோடும் ஒரு வாசிப்பு இரைச்சலையும் சேர்த்துவிடும்.

நிறக் கமெராவா, கறுப்பு வெள்ளையா என்ற கேள்வியில் எங்களுக்குள் வாதமே வரவில்லை. கறுப்பு வெள்ளை. நிறக் கமெராவில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு சிறு நிறக் கண்ணாடி இருக்கும். பாதி பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கொடாக் கம்பனியின் பிரைஸ் பேயர் 1976இல் உரிமம் பெற்ற அமைப்பு அது. நமக்கு வேண்டியது பச்சை மட்டும் என்றால் பாதிப் பிக்சல்கள் சும்மா இருக்கும். படத்துக்குப் பச்சை நிறத்தைக் கணினி பிறகு பூசிக்கொள்ளும். வழக்கமான சாயப் படங்களுக்கு நிறம் வேண்டும்தான்; அதற்கு மலிவான நிறக் கமெரா ஒன்று தனியே போதும், அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு வகையைப் பற்றியும் ஒரு அக்கா லண்டனிலிருந்து விசாரித்திருந்தார்: ஈஎம்சீசீடி. இலத்திரன்களை எண்ணுவதற்கு முன்பே பல நூறு மடங்கு பெருக்கிவிடுவதால் வாசிப்பு இரைச்சல் இல்லாததுபோல் ஆகிவிடும். ஒற்றை மூலக்கூறு பார்ப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பெருக்கும் செயலே ஒரு இரைச்சல். அதன் விளைவு, 90 சதவீத வினைத்திறன் 45 போல நடந்துகொள்ளும். நமது மாதிரியில் பிக்சலுக்கு இரண்டு மூன்று போட்டன் என்ற வறுமை இல்லை. 2009இல் அறிமுகமான எஸ்சீமோஸ் வகையும், 2016 அளவில் வந்த அதன் 95 சதவீத வினைத்திறன் உருவங்களும் பல வேலைகளில் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. நமக்கு நடுத்தரமான, குளிரூட்டிய எஸ்சீமோஸ் போதும்.

குளிரூட்டிய என்ற சொல்லை விலைப்பட்டியலில் வேறு நாட்டார் மேலோட்டமாக வாசிக்கலாம், வன்னியில் வாசிக்கக்கூடாது. ஒளியே இல்லாவிட்டாலும் சூட்டினால் உணரிக்குள் இலத்திரன்கள் பிறக்கும். ஒவ்வொரு 6 முதல் 8 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் அது ஏறக்குறைய இருமடங்காகும். ஐரோப்பாவில் 20 பாகை அறையில் அளந்த எண்ணை, சித்திரை வெயிலில் குளிரூட்டி நின்றுபோன 34 பாகை அறைக்குப் பொருத்தினால் நாலு மடங்கு பிழைக்கும். சில கமெராக்கள் "அறை வெப்பநிலையிலிருந்து இத்தனை பாகை கீழே" என்றுதான் உறுதி தருகின்றன. சில "எப்போதும் இத்தனை பாகை" என்கின்றன. இரண்டாவதைக் கேளுங்கள். மின்சாரம் போய் வரும்போது தாங்க யூபிஎஸ் ஒன்றையும் கமெராவின் விலைக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாரியில் வேறு எதிரி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள். வில்லையின் பூச்சையே அது தின்றுவிடும், துடைத்து எடுக்க முடியாது. மூடிய பெட்டி, சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அதை எடுத்து வறுத்துத் திரும்ப வைக்க ஒரு பொறுப்பான ஆள். கமெரா தெரிவில் இது என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். 16 மடங்கு ஒளி தரும் வில்லையின் ஆயுள் அந்த ஆளின் கையில் இருக்கிறது.

விற்பனையாளரிடம் நாங்கள் எழுத்தில் கேட்டிருப்பது ஒரு பரீட்சார்த்த நாள். அவர்களுடைய கண்ணாடித் துண்டு வேண்டாம். ஆய்வுகூடத்தின் சொந்த மாதிரிகள் மூன்று: படிவு நிச்சயமாக உள்ளது ஒன்று, நிச்சயமாக இல்லாதது ஒன்று, நோயியலாளரே தடுமாறிய மங்கலானது ஒன்று. மூடியைப் போட்டு முழு இருட்டில் முதலில் ஒரு படம். அதில் தெரியும் புள்ளிகள் எல்லாம் கமெராவின் சொந்தச் சரக்கு. பிறகு மூன்று மாதிரிகளும் ஒரே திறப்பு நேரத்தில். கணினி தானாகப் பிரகாசத்தைக் கூட்டும் வசதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டோம். அந்த வசதி, ஒன்றுமில்லாத படத்தையும் இழுத்து நீட்டி, படிவு உள்ளதைப்போலப் பச்சையாக்கிக் காட்டிவிடும். படம் அழகாயிருக்கும், நோயாளிக்கு ஸ்ரெரொயிட்டு எழுதப்படும். திருத்தப்படாத மூலக் கோப்பு எங்கள் கைக்கு வர வேண்டும், அதிலுள்ள எண்களை நாங்களே பார்ப்போம்.

எங்கள் பாடசாலைக்கு ஒன்றும் இல்லையா என்று பிள்ளைகள் பார்ப்பது தெரிகிறது. இருக்கிறது, செலவில்லாமல். குளத்து நீரில் ஒரு துளி எடுத்து, நீல எல்ஈடி விளக்கால் ஒளியூட்டி, பார்வைத்துண்டின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைப் பிடியுங்கள். அல்காக்களின் பச்சையம் ஆழ்ந்த சிவப்பாக ஒளிரும். கண்ணுக்குத் தெரிந்தபின் தொலைபேசியால் படமெடுத்துப் பாருங்கள், திறப்பு நேரத்தைக் கூட்டிக் கூட்டி. எந்த இடத்தில் புள்ளிகள் பொரிந்துகொண்டு வருகின்றன என்று குறித்து வையுங்கள். விளக்கை நேரே கண்ணில் அடிக்க வேண்டாம்.

சங்கத்துக்கு எங்கள் பரிந்துரை இது: 40/1.3 எண்ணெய் வில்லை, புளோரெசீன் சாயத்துக்கான வடிகட்டித் தொகுதி, குளிரூட்டிய கறுப்பு வெள்ளை எஸ்சீமோஸ் கமெரா, யூபிஎஸ், உலர் பெட்டி. இதே ஒழுங்கில் வாங்க வேண்டும். காசு குறைந்தால் கமெராவின் தரத்தில் ஒரு படி இறங்கலாம், வில்லையில் இறங்கக்கூடாது. அந்த ஆய்வுகூடத்து நுணுக்குக்காட்டியின் வில்லைப் புரி எந்த அளவு என்று இன்னும் அளந்து வரவில்லை. அங்கே வேலை பார்க்கும் தங்கச்சி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். தேநீர் இடைவேளையில் எங்களைச் சந்திக்கவும்.